பைண்டு புத்தகத்துச் சாம்பு

பத்திரிகையில் வரும் கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைப்பது ஒரு காலத்தில் மயிலாப்பூர், மந்தைவெளி வீடுகளில் ஊறுகாய் போடுவதைப் போல ஒழுங்காக நடந்த காரியம். இதழின் பின்னை நெம்பி எடுத்து, வேண்டிய பக்கங்களை மட்டும் உருவி, வரிசை குலையாமல் ஒரு அட்டைக்குள் வைத்துக்கொண்டே வருவார்கள். கதை முடிந்ததும் பைண்டரிடம் போகும். அவர் ஓரம் வெட்டி, நூல் கோத்துத் தைத்து, காலிகோ முதுகு போட்டுத் தருவார். அந்தப் புத்தகத்தில் கதை மட்டும் இருக்காது. இன்னொரு கதையின் வால், தலைவலித் தைலத்தின் விளம்பரம், ஒரு மாமியார் மருமகள் ஜோக், அப்புறம்தான் நம் கதை. தேவனின் 'துப்பறியும் சாம்பு' எனக்கு அறிமுகமானது அப்படி ஒரு பைண்டில்தான்.

படித்தது பாட்டி. நாங்கள் கேட்டோம். மத்தியானம் சமையலறை கழுவி விட்ட பிறகு, ரேழியில் முந்தானையை விரித்துப் படுத்துக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, உரக்கப் படிப்பாள். சிரிப்பு வரப்போகிற இடம் அவளுக்கு மனப்பாடம். அதனால் அந்த இடம் வருவதற்கு முன்னாலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவாள். நாங்கள் விஷயம் தெரியாமல், "என்ன பாட்டி, என்ன பாட்டி" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்குவோம். "இருங்கோடா, மூச்சு விட்டுக்கறேன்" என்பாள். குற்றவாளி யார் என்ற பதைப்பு ஒரு பக்கம், பாட்டி எப்போது சிரித்து முடிப்பாள் என்ற தவிப்பு இன்னொரு பக்கம். அதற்குப் பிறகு எத்தனையோ துப்பறியும் கதைகள் படித்தாயிற்று. அந்த இரட்டைத் தவிப்பு வேறெதிலும் கிடைக்கவில்லை.

தேவன் என்ற ஆர். மகாதேவன் 1913இல் திருவிடைமருதூரில் பிறந்தவர். இருபது வயதை ஒட்டி ஆனந்த விகடனில் சேர்ந்தார். கல்கி விகடனை விட்டுப் போன பிறகு பத்திரிகையின் பெரும் பொறுப்பைத் தோளில் ஏற்றுக்கொண்டார். 1957இல், நாற்பத்து நான்கு வயது நிறைவதற்குள் காலமாகிவிட்டார். அந்தச் சின்ன ஆயுளில் அவர் எழுதிக் குவித்தவற்றை நினைத்தால் பிரமிப்பாக இருக்கிறது. 'மிஸ்டர் வேதாந்தம்', 'ஸ்ரீமான் சுதர்சனம்', 'லக்ஷ்மி கடாட்சம்', 'ராஜத்தின் மனோரதம்', ஒரு கொலை வழக்கின் விசாரணையையே முழு நாவலாக்கிய 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்'. இவ்வளவும் வாராவாரம் பத்திரிகை நடத்திக்கொண்டே எழுதியவை.

சாம்பு ஒரு பாங்கு குமாஸ்தா. வழுக்கைத் தலை, வளைந்த மூக்கு, ஊரெல்லாம் அசடு என்று முடிவு கட்டிவிட்ட ஆள். அவர் எதையும் கண்டுபிடிப்பதில்லை. போகக் கூடாத இடத்துக்குப் போவார், பிடிக்கக் கூடாத ஆளைப் பிடிப்பார், பேசக் கூடாத நேரத்தில் ஒன்று உளறுவார். அந்த உளறல் போய்க் குற்றவாளியின் மடியில் விழும். இன்ஸ்பெக்டர் கோபாலன் அசந்துபோய், எப்பேர்ப்பட்ட மூளை என்று கொண்டாடுவார். சாம்பு ஒரு அசட்டுச் சிரிப்போடு ஒதுங்கி நிற்பார். வீட்டுக்கு வந்தால் மனைவி வேம்பு. அவளுக்குக் கணவரின் பெருமையில் சந்தேகமே கிடையாது. கதை முடியும்போது திருடன் பிடிபட்டிருப்பான், ஆனால் நம் மனத்தில் நிற்பது திருட்டு இல்லை. அந்தக் கல்யாண வீடு, அந்த ரயில் பெட்டி, அந்த வம்புப் பேச்சு, சாம்புவின் முழி.

தேவனை வெறும் நகைச்சுவை எழுத்தாளர் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்குத் தீராத சண்டை உண்டு. ஒரே தற்செயல் தந்திரத்தை ஐம்பது கதைகளுக்கு இழுப்பது சாதாரண வேலை இல்லை. வாசகனுக்கு முதல் வரியிலேயே தெரியும், சாம்பு ஜெயிக்கப் போகிறார் என்று. ஆனாலும் எப்படி என்று கடைசிவரை தெரியாது. துப்பறியும் கதையின் வழக்கமான முடிச்சை இந்த மனிதர் இடம் மாற்றிப் போட்டுவிட்டார். யார் செய்தது என்ற கேள்வியைக் கீழே வைத்துவிட்டு, இந்த அசடு இதிலிருந்து எப்படிப் புகழோடு வெளியே வரப்போகிறது என்ற கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டார். 1940களின் தமிழில் இது எவ்வளவு புதிது என்பதை நாம் இன்னும் சரியாகச் சொல்லவில்லை.

சாம்புவுக்கு ஒரு தூரத்து உறவினர் உண்டு என்பது வாடகை நூலகத்தில்தான் தெரிந்தது. எங்கள் பேட்டையில் ஒரு வீட்டின் முன்னறையில் நடந்த சின்ன நூலகம் அது. சிறிய முன்பணம், புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை. எல்லாப் புத்தகத்துக்கும் பழுப்புக் காகித அட்டை, உள்ளே தேதி முத்திரை குத்தும் சீட்டு. நூலகக்காரரை எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். தமிழ் அலமாரியில் இருந்த துப்பறியும் கதைகளை நான் தீர்த்துவிட்ட நிலையில், அவர் ஆங்கில அலமாரியிலிருந்து தடிமன் இல்லாத ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். "இதுவும் நம்மாத்துக் கதைதான், படிச்சுப் பாரு" என்றார்.

ஹாரி கெமல்மன் எழுதிய 'ஃப்ரைடே தி ரபை ஸ்லெப்ட் லேட்'. 1964இல் வந்த நாவல். அடுத்த ஆண்டே சிறந்த முதல் நாவலுக்கான எட்கர் விருது வாங்கியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பார்னர்ட்ஸ் கிராஸிங் என்றொரு கற்பனை ஊர். அங்கே யூதர்களின் தொழுகைக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் மதகுரு, அதாவது ரபை, டேவிட் ஸ்மால். இளைஞர். கசங்கிய உடை, ஞாபக மறதி, யாரிடமும் நயமாகப் பேசத் தெரியாது. அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று நிர்வாகக் குழு தகராறு பண்ணிக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்துத் தொழுகைக்கூட வளாகத்தில் ஒரு பெண் இறந்து கிடக்கிறாள். அவளுடைய கைப்பை மதகுருவின் காரில் இருக்கிறது.

ஒரு கொலைக் கதை இப்படியா நடக்கும் என்று அப்போது எனக்கு ஆச்சரியம். கதை தொடங்குவதே கொலையில் இல்லை, இரண்டு சிநேகிதர்களின் சண்டையில். ஒருவர் கார், இன்னொருவர் ஓட்டியபோது எண்ணெய் ஒழுகி எஞ்சின் கெட்டுப்போயிற்று. நஷ்டம் யாருடையது? மதகுரு அவர்களை உட்காரவைத்து, அவர்களுடைய பழைய தர்மசாஸ்திரத்தின் வழியில் வாதப் பிரதிவாதம் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிறார். தால்முத் என்ற அந்தச் சாஸ்திர நூலைப் படிப்பவர்கள் ஒரு வரியை எடுத்துக்கொண்டு, அதை மறுத்து, மறுப்பை மறுத்து, மயிரிழை மயிரிழையாகப் பிரித்துப் போகும் தர்க்க முறைக்குப் பில்பூல் என்று பெயர். அதே முறையில்தான் பின்னால் கொலையாளியும் அகப்படுகிறான். நடுவில் போலீஸ் தலைவர் ஹ்யூ லானிகன், ஐரிஷ் கத்தோலிக்கர், மதகுருவோடு உட்கார்ந்து இரண்டு மதங்களின் வித்தியாசத்தையும் நிதானமாகப் பேசுகிறார். மதகுருவின் மனைவி மிரியம் அவரைக் கொஞ்சம் திருத்தப் பார்க்கிறாள். நிர்வாகக் குழுவில் யார் முன்வரிசையில் உட்காருவது என்ற சண்டை ஓயாமல் நடக்கிறது.

மாமா சொன்னது எனக்குப் புரிந்துபோயிற்று. இந்தக் குழுவை எனக்கு நன்றாகத் தெரியும். உற்சவ காலத்தில் எந்தக் குடும்பத்துக்கு முதல் மரியாதை என்று மாடவீதிகளில் நடந்த பேச்சு அதுதான். சபாவின் செயற்குழுவில் டிசம்பர் கச்சேரிக்கு முதல் இரண்டு வரிசை யாருக்கு என்று எழுந்த குரலும் அதுதான். பில்பூலும் எனக்குப் புதிதில்லை. 1906இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் தொடங்கிய மயிலாப்பூர் சம்ஸ்கிருதக் கல்லூரியில் நியாயமும் மீமாம்சையும் கற்றுக்கொடுத்தார்கள். வாக்கியார்த்த சதஸ் என்று பண்டிதர்கள் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரு பதத்தை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக வாதாடுவதைப் பார்த்தவர்களுக்கு ரபை ஸ்மால் அந்நியராகத் தெரியமாட்டார்.

சாம்புவையும் ரபையையும் அடுத்தடுத்துப் படித்தபோது ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. சாம்பு அசடு, ஊர் அவரை மேதை என்று நம்புகிறது. ரபை மேதை, ஊர் அவரை உதவாக்கரை என்று நினைக்கிறது. இரண்டு இடத்திலும் தப்பாக எடைபோடுவது ஊர்தான். சிரிப்பு பிறப்பது அங்கேதான். ஆனால் இரண்டு எழுத்தாளர்களுமே அந்த ஊரை வெறுக்கவில்லை. அதன் வம்பு, அல்பத்தனம், சாப்பாடு, பண்டிகை, பயம் எல்லாவற்றையும் வேண்டியவர்களின் குறைகளைச் சொல்வதுபோலச் சொல்கிறார்கள். நான் ஏங்குவது இந்தப் பிரியத்துக்குத்தான். குற்றம் நடக்கலாம், ரத்தம்கூடச் சிந்தலாம். ஆனால் கடைசிப் பக்கத்தை மூடும்போது அந்தத் தெருவில் குடியிருக்க வேண்டும் என்று தோன்ற வேண்டும்.

கெமல்மன் வாரத்தின் ஏழு நாளுக்கும் ஒரு நாவல் எழுதினார். அதற்குப் பிறகும் நாட்கள் போதாமல் 1996வரை ரபையை விடாமல் தொடர்ந்தார். அந்த ஆண்டுதான் அவரும் மறைந்தார். அந்தப் புத்தகங்களைத் தேடி லஸ் முனையில் பிளாட்பாரத்தில் ஆழ்வார் கடையில் குனிந்து நின்ற சாயங்காலங்கள் உண்டு. பழைய பாடப் புத்தகங்களுக்கும் பொறியியல் கையேடுகளுக்கும் நடுவில் திடீரென்று ஒரு செவ்வாய்க்கிழமையோ வியாழக்கிழமையோ கிடைக்கும். வரிசையாகக் கிடைக்காது. ஒரு புத்தகத்தில் ரபைக்குக் குழந்தை பிறந்திருக்கும், அடுத்து அகப்படும் புத்தகத்தில் அவருக்கு இன்னும் கல்யாணக் களை மாறியிருக்காது. அதுவும் ஒரு சுகமாகத்தான் இருந்தது.

இந்த நகரத்துக்கும் யூதர்களுக்கும் பழைய உறவு உண்டு என்பதை நான் பின்னால்தான் படித்தேன். பதினேழாம் நூற்றாண்டில் லண்டன் வழியாகவும் லிவோர்னோ துறைமுகத்திலிருந்தும் வந்த செபார்திக் யூத வணிகர்கள் இங்கே பவளத்தை இறக்கி, கோல்கொண்டா வைரத்தை வாங்கிப் போனார்கள். ஜார்ஜ் டவுனில் பவழக்காரத் தெரு அந்த வியாபாரத்தின் பெயரை இன்னும் தாங்கிக்கொண்டிருக்கிறது. 1688இல் சென்னை மாநகராட்சி அமைந்தபோது அதன் ஆல்டர்மேன்களில் யூத வணிகர்களும் இருந்தார்கள். அவர்களுடைய பழைய கல்லறைக் கற்கள் தங்கசாலைப் பக்கத்திலிருந்து இடம் பெயர்ந்து கடைசியில் லாயிட்ஸ் சாலைக்கு, இன்றைய அவ்வை சண்முகம் சாலைக்கு, வந்து சேர்ந்தன. அதே சாலையை ஒட்டித்தான் கோபாலபுரம். 1955இல் தொடங்கிய ஈசுவரி வாடகை நூலகத்தைத் தேடி நகரத்தின் பாதி வாசகர்கள் அந்தப் பக்கம் போய்வந்தார்கள். அந்தச் சாலை வழியாக ரபை ஸ்மாலை மஞ்சள் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோன சென்னைவாசிகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நினைக்கும்போதே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

தேவனுக்குப் பிறகு தமிழில் துப்பறியும் கதைக்குப் பஞ்சமே இல்லை. தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் குடித்துக்கொண்டே உலகம் சுற்றினார். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் தம்புச் செட்டித் தெரு அலுவலகத்தில் உட்கார்ந்து தமிழ் உரைநடையையே வேகப்படுத்தினார்கள். வசந்த் கடைசிவரை சொல்லி முடிக்காத மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக்குக்காகவே அந்த நாவல்களைப் படித்தவர்கள் உண்டு, நானும் ஒருத்தி. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும், சுபாவின் நரேந்திரனும் வைஜயந்தியும், ராஜேஷ்குமாரின் விவேக்கும் மாத நாவல்களில் பேருந்து நிலையக் கடைகளிலெல்லாம் தொங்கினார்கள். எல்லோரையும் நான் விரும்பிப் படித்திருக்கிறேன். ஆனால் இவர்கள் யாரும் ஒரு தெருவின் ஆள் இல்லை. வழக்கு அவர்களைத் தேடி வரும், அவர்கள் வண்டி ஏறிப் போவார்கள். சாம்பு அப்படி இல்லை. அவர் அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் ஆள். குற்றம் நடக்கும்போது அவர் கையில் அப்பளம் இருக்கும்.

இப்போது திரையில் வரும் துப்பறியும் தொடர்கள் எல்லாம் இருட்டில் நடக்கின்றன. உடலைத் துண்டு போடுகிறவன், காரணமே இல்லாமல் வரிசையாகக் கொல்லுகிறவன், சொந்த வாழ்க்கை பாழான போலீஸ்காரர். திறமையாக எடுக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அதை மத்தியானம் ரேழியில் பாட்டியையும் பேத்தியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க முடியாது. தூர்தர்ஷனில் காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாக வந்தபோது எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை ஒரே பாயில் உட்கார்ந்து பார்த்தது. அவர் முழிக்கும்போது பாட்டி, "இவன்தான்டி சாம்பு, இவனேதான்" என்று டி.வி.யைக் கை நீட்டிக் காட்டினாள். அறையில் இருந்த எல்லா வயதுக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. இன்று அந்த ஒரே நேரம் எங்கே கிடைக்கிறது? ஆளுக்கொரு செல்போன், ஆளுக்கொரு காதுமாட்டி.

எங்கள் பேட்டை நூலகம் மூடிவிட்டது. வீடு இடிபட்டு அடுக்குமாடி ஆயிற்று. மாமா கடைசி மாதத்தில் பழைய உறுப்பினர்களைக் கூப்பிட்டு, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் போவதற்குள் சாம்பு போய்விட்டார். யாரோ நல்ல வாசகர் என்று நினைத்துக்கொள்கிறேன். பாட்டியின் பைண்டு, பெரியப்பா வீடு அடையாறு காந்தி நகருக்கு மாறிய சமயத்தில் எடைக்குப் போயிற்று. அதைப் பற்றிக் கேட்டால் இப்போதும் குடும்பத்தில் பேச்சு நின்றுவிடும். அச்சில் வந்த தேவன் புத்தகங்கள் என் அலமாரியில் இருக்கின்றன. வரி மாறவில்லை. ஆனால் அந்தத் தைல விளம்பரமும் பாதிக் கதையும் இல்லாத சாம்பு, ஊரை விட்டுத் தனியாக வந்துவிட்டவர் மாதிரி இருக்கிறார்.

ஏக்கத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். தேவனின் உலகம் பெரும்பாலும் ஒரு சமூகத்தின் கூடமும் தாழ்வாரமும்தான். கபாலி கோயில் வாசலில் பூக்கட்டுகிறவர், சாந்தோம் குப்பத்தில் வலை உலர்த்துகிறவர், கச்சேரி சாலையில் கடை வைத்திருக்கும் பாய், ரங்கநாதன் தெருவில் நாள் முழுக்க நின்றபடியே துணி எடுத்துப்போடும் தென்மாவட்டத்துப் பெண் ஆகியோர் அந்தக் கூடத்துக்குள் அதிகம் வரவில்லை. அவர் காலம் அது. கெமல்மன் தன் யூத ஊரை எழுதும்போது ஐரிஷ்காரர் லானிகனைக் கதவைத் திறந்து உள்ளே உட்காரவைத்தார். அதனால் அந்தக் கதைகளுக்கு இரண்டு காற்று கிடைத்தது. மறுபடியும் ஒருவர் மயிலாப்பூரில் துப்பறியும் கதை எழுதினால் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

மறுபடியும் ஒருவர் எழுத வேண்டும் என்பதுதான் என் உண்மையான ஏக்கம். பழைய பைண்டு திரும்பாது. ஆனால் கதைக்கான சரக்கு அத்தனையும் இங்கேயே கிடக்கிறது. பங்குனி அறுபத்துமூவர் அன்று அவ்வளவு கூட்டத்தில் ஒரு நகை காணாமல் போகலாம். அடுக்குமாடிச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தண்ணீர் லாரிக் கணக்கு உதைக்கலாம். சபா கான்டீனின் கைமணம் இரண்டாவது வாரத்தில் திடீரென்று மாறிப்போகலாம். தி. நகரில் தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, பட்டுப்புடவைப் பெட்டி ஒன்று வேறொருவர் பையில் ஏறிப் போகலாம். இவற்றையெல்லாம் விசாரிக்க ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருத்தி போதும், ஒரு கோயில் மடப்பள்ளிக்காரர் போதும், சர்ச் கோஷ்டியில் பாடும் ஒரு தபால்காரர் போதும். மயிலாப்பூரிலும் அடையாறிலும் எழுதத் தெரிந்த இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் ஸ்காண்டிநேவியப் பனியையும் ரத்தத்தையும் கொஞ்ச நாள் ஒத்திவைத்துவிட்டுத் தங்கள் தெருவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எழுத ஆரம்பிப்பதற்கு முன் தேவனைப் படியுங்கள். 1901இல் தொடங்கிய அலையன்ஸ் பதிப்பகம் மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடம் சாலையில் இருக்கிறது. துப்பறியும் சாம்புவைப் புத்தகமாக வெளியிட்டிருக்கிறார்கள். வாங்கிக்கொண்டு போய், வீட்டில் இருக்கும் வயதானவர் யாரிடமாவது கொடுத்து, உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.